இருபத்தொரு நாள் அழக்கூடாது

என் அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு கண். வலது கண்ணை ஏழு வயதில் அம்மை வார்த்தபோதே பறிகொடுத்தாள். அம்மை வந்த வீட்டில் மருந்து கூடாது, டாக்டர் கூடாது, வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் போதும் என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மை இறங்கியபோது அந்தக் கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. ஆத்தா கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாளே, உயிரை விட்டாளே என்று ஊரில் சந்தோஷப்பட்டார்களாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மிச்சமிருந்த இடது கண்ணுக்குக் கேடு ஒரு கன்றுக்குட்டியால் வந்தது. அதை அவிழ்க்கக் குனிந்தாள். அது தலையை உதறிய வேகத்தில் அதன் நெற்றி மேடு கண்ணில் மோதியது. இரண்டு நாள் வீங்கி, வடிந்துபோனது. ஒரு வாரம் கழித்து, பட்டப்பகலில் கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது என்றாள். பிறகு கொசு பறக்கிறது என்றாள். ஒரு காலையில் வாசற்படியில் நின்றவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உன் காலு தெரியுது. மூஞ்சி தெரியல. மேலேருந்து கருப்புத் துணி எறங்கறாப்பல கீது."

அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நைனா, அதாவது எங்கள் அப்பா, வண்டியைப் பூட்டினார்.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சர்க்கார் கச்சேரியில் தெலுங்கு என்று இருந்த ஊர். எங்கள் ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கி அலைந்தவர்களில் நைனாவும் ஒருவர். அவருக்கு எழுத வராது. கட்டைவிரல் ரேகைதான் வைப்பார். ஆனாலும் ஊர் ஊராய்ப் போய் மற்றவர்களை எழுத வைப்பார். அன்றைக்கு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பார்த்தவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இது தன்னால் ஆகாது என்றார். சித்தூரில் ஒரு கண் டாக்டர் மெட்ராஸில் இதற்கான ஆபரேஷனைப் படித்து வந்திருக்கிறார், இன்றைக்கே போங்கள், ஆனால் தலை ஆடக்கூடாது என்றார். ரயிலில் ஆடாமல் எப்படிப் போவது? நைனா அக்காவைப் பலகையில் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாகாலாவில் இஞ்சினை மாற்றும்போது பெட்டி இடித்த இடியில் நான் முன்னால் போய் விழுந்தேன். அக்காவின் தலை அசையவில்லை. சித்தூரில் இறங்கியபோது நைனாவால் விரல்களை மடக்க முடியவில்லை.

டாக்டர் தெலுங்குக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசுவார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. கண்ணின் உள் பக்கத்தில் ஒரு மெல்லிய திரை இருக்கிறது, பார்வை அதில்தான் விழுகிறது, இடித்த இடியில் அது ஓரத்தில் கிழிந்து, ஈரச் சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி உரிந்து வருகிறது என்றார். முழுக்க உரிந்துவிட்டால் இருட்டுதான். மின்சாரம் ஏற்றிய ஊசியால் கண்ணின் வெளிச்சுவரில் சுட வேண்டும். அந்தச் சூடு ஆறித் தழும்பாகும்போது திரை ஒட்டிக்கொள்ளும்.

"அது ஆறுற வரைக்கும் இருபத்தொரு நாள். மல்லாக்கப் படுத்தது படுத்தபடி. எழுந்திருக்கக் கூடாது, திரும்பக் கூடாது, இருமக் கூடாது, மென்னு தின்னக் கூடாது. முக்கியமா அழக் கூடாது. ஒரு தடவை குலுங்கி அழுதா போச்சும்மா. மறுபடி செய்ய என்கிட்ட வழி இல்ல."

கண்ணை மரத்துப்போக வைத்து, முழிப்பாக இருக்கும்போதே ஆபரேஷன் செய்தார்கள். "கருகற வாசன வந்துச்சுடி" என்றாள் அக்கா, திரும்பி வந்ததும். "இன்னாத்த கருக வுட்டுக்கினு கீறாங்கன்னு பாத்தா, அது என் கண்ணு." சிரித்திருப்பாள். அதற்கும் அனுமதியில்லை. இரண்டு கண்ணுக்கும் கட்டு, தலைக்கு இந்தப் பக்கம் ஒரு மணல் மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மணல் மூட்டை. குருட்டுக் கண்ணுக்கு எதற்குக் கட்டு என்று நான் வாய் சும்மா இராமல் கேட்டேன். ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும் என்றார் டாக்டர். நர்சம்மா வேளாவேளைக்கு வந்து, "ஏடவகூடது, கதலகூடது" என்று மந்திரம் மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார். அழாதே, அசையாதே. அந்த இரண்டு தெலுங்குச் சொல்லையும் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து விறைக்கிறது.

கூட இருந்து பார்த்துக்கொள்ள என்னை விட்டுவிட்டு நைனா ஊருக்குப் போனார். போகும்போது அக்காவின் கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டினார். தலையைத் தொடப் பயம். "கட்டு அவுக்கற அன்னிக்கு எதிர்ல நான்தான் நிப்பேன். மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்கணும், ஆமா" என்றார். "உன் மூஞ்சியப் பாத்தா இன்னொரு கண்ணும் பூடும் நைனா" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே போனார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாயாடி. ஊரில் என் வாய்க்குப் பயந்து மாப்பிள்ளை வரமாட்டான் என்று அம்மா திட்டுவாள். ராகிக் கஞ்சியை ஸ்பூனால் ஊற்றுவேன், படுக்கையிலேயே எல்லாம் செய்வேன், ஈ ஓட்டுவேன். தும்மல் வருகிறது என்றால் மூக்கை அழுத்திப் பிடிப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்பார்களே, அப்படி.

ஆறாம் நாள் காலையில் மாமா வந்தார். மாமா என்றால் அக்காவின் புருஷன், எங்கள் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடு இருப்பவர். வார்டுக்குள் வராமல், வெளியே குழாயடியில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மேலே சட்டை இல்லை. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"நைனா பூட்டாரும்மா" என்றார்.

முந்தின நாள் நகரியில் கூட்டம். மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார். நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று மத்தியானமே எடுக்கப் போகிறார்கள். ஒரு வண்டி வைத்து அக்காவைப் படுக்கவைத்துக் கொண்டுபோய்விடலாமா, பெரிய பெண் இல்லாமல் எப்படி எடுப்பது என்று கேட்டார் மாமா.

டாக்டரிடம் ஓடினேன். அவர் சுருக்கமாகச் சொன்னார். "கூட்டிக்கிட்டுப் போங்க. ஆனா கண்ணை இங்கேயே விட்டுட்டுப் போறீங்க."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்றைக்கு எதை முடிவு செய்தார்? நான்தான் சொன்னேன். "சொல்ல வேணாம் மாமா. இருபத்தொரு நாளும் தாண்டட்டும். நானும் வர்ல. நான் போனா அவளுக்குத் தெரிஞ்சுடும்." மாமா என்னை ஏதோ பிசாசைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீயும் வர்லியா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு போய்விட்டார்.

குழாயில் முகம் கழுவினேன். அழவில்லை. அழுதால் மூக்கு அடைக்கும், குரல் மாறும். கண் கட்டிக் கிடக்கிறவளுக்குக் காது எப்படி இருக்கும் என்று அந்த ஐந்து நாளில் தெரிந்துகொண்டிருந்தேன். நான் கதவருகே வரும்போதே யார் வந்தது என்று கேட்பாள், செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்வாள்.

"யாரு வந்தாங்க?"

"பால்காரன்."

அன்று மத்தியானம் அவளுக்குக் கஞ்சி ஊற்றினேன். இந்நேரம் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு பொய் மேல் பொய். நைனா ஏன் வரவில்லை என்று தினம் கேட்பாள். ஊருக்கு ஆபீசர்கள் வந்திருக்கிறார்கள், வீடு வீடாய் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நைனா அவர்களோடு அலைகிறார் என்பேன். "நம்ம ஊரு தமிழ்ப் பக்கந்தான்னு நைனா சொல்லி அனுப்பிச்சாரு" என்று ஒருநாள் அளந்தேன். கட்டுக்குக் கீழே அவள் உதடு விரிந்தது. "அய்ய, அந்தாளக் கையில புடிக்க முடியாது இனிமே" என்றாள். (எங்கள் ஊர் ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லாததே நல்லது என்று எனக்குத் தோன்றும்.) செத்துப்போனவர் வாயிலிருந்து நான் இழுத்து இழுத்துப் பேச்சு எடுத்தேன். அவர் உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு பேசியதில்லை.

பத்தாம் நாளோ என்னவோ அத்தை வந்துவிட்டாள், நைனாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் சாவு நடந்தபின் முதல்முறை பார்க்கிற பெண்கள் சும்மா பார்க்க மாட்டார்கள். தூரத்திலேயே குரல் எடுத்து, ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, இருவரும் சேர்ந்து அழுதால்தான் துக்கம் கேட்டதாகக் கணக்கு. கட்டிக்கொள்ளாவிட்டால் பகை. அத்தை ஆஸ்பத்திரிக் கேட்டிலேயே தலையை அவிழ்த்துவிட்டு, "என் தம்பீ..." என்று ஆரம்பித்தாள். நான் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன். நிஜமாகவே கையால் பொத்தினேன். திமிறினாள். ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அடிப்பாவி! பெத்த அப்பன் செத்துக்கீறான், எண்ண வெச்சுத் தலவாரிக்கினு நிக்கிறியே, நீ பொம்பளதானா?" என்று கத்தினாள்.

"அழுவணும்னா ஊர்ல போயி அழு அத்த. இங்க அழுதே, உன் தம்பி பொண்ணு குருடி. அத நீதான் உன் வாயால செஞ்சேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

என்னைச் சபித்துவிட்டுப் போனாள். சாகும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

பதினைந்தாம் நாள் ஊரில் கருமாதி. அம்மாவுக்கு வளையலை உடைத்துத் தாலியை வாங்கினார்கள். அதே நாளில் இங்கே அக்கா அடம்பிடிக்க ஆரம்பித்தாள். "நைனா வேலையில கீறாரு, சரி. அம்மாவுக்கு இன்னா? பதினஞ்சு நாளா எட்டிப் பாக்கலியே. நீ எதையோ மறைக்கிற. நான் எழுந்து ஊருக்குப் போறேன்." மணல் மூட்டையை நகர்த்தக் கையை வைத்தாள். நர்சம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அம்மா நாளை மறுநாள் வருவாள் என்று சத்தியம் செய்தேன். ஊருக்குப் போகிற ஓர் ஆளிடம் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

தாலி அறுத்தவள் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கிற காலமா அது? அம்மா வந்தாள். எதிரே வருகிறவர்களுக்கு ஆகாது என்று முக்காடு போட்டுக்கொண்டு, மாமா பின்னால் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தாள். நான் குழாயடியில் தயாராக இருந்தேன். கண் கட்டியிருப்பவளுக்குப் புடவை தெரியாது, நெற்றி தெரியாது, சத்தம் மட்டும் தெரியும் என்று கணக்குப் போட்டு, கடைத்தெருவில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தேன். அம்மா கஞ்சி கலக்கினால் வளையல் சத்தம் கேட்கும். பிறந்ததிலிருந்து நாங்கள் கேட்ட சத்தம்.

அம்மா வளையலைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். "வேணாண்டி. ரெண்டு நாள் ஆவல ஒடச்சி. நான் இன்னா கூத்தாடியா?"

"உன் பொண்ணு கண்ணுக்கும்மா."

அம்மா கையை நீட்டினாள். என் கை அளவுக்கு வாங்கிய வளையல், அவளுக்குச் சின்னது. சோப்புப் போட்டு ஒவ்வொன்றாய் ஏற்றினேன். இரண்டு உடைந்தது. முன்பு உடைத்த இடத்தில் கீறல் ஆறாமல் இருந்தது, அதில் சோப்புப் பட்டு எரிந்திருக்கும். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தாங்க முடியாமல் ரோட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே போய் அம்மா நன்றாகவே நடித்தாள். மாட்டுக்கு மடி வீக்கம், அதனால்தான் வர முடியவில்லை என்றாள். நைனா எப்படி இருக்கிறார் என்று அக்கா கேட்டபோது, "அவருக்கு இன்னா, ஊர் சுத்திக்கினு கீறாரு" என்றாள், குரல் பிசகாமல். டம்ளரில் கஞ்சியை ஆற்றினாள். வளையல் கலகலத்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு கஞ்சி ஊற்றுவதற்காக அம்மா அக்காவின் முகத்துக்கு மேல் குனிந்தாள். குனிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா எப்போது குனிந்தாலும் தாலிக்கயிறு சரிந்து முன்னால் வந்து தொங்கும். அவள் எங்களுக்கு ஊட்டும்போதெல்லாம் அந்தத் தாலிப்பொட்டு எங்கள் மோவாயில் இடிக்கும், நாங்கள் தள்ளிவிடுவோம். கைக்கு மட்டும் யோசித்த நான் கழுத்துக்கு யோசிக்கவில்லை. ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தால் போதுமே, முட்டாள் கழுதை நான்!

அக்காவின் கை மெல்ல மேலே எழுந்தது. அம்மாவின் கழுத்தைத் தொட்டது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை விரல் போனது. இதோ கத்தப் போகிறாள், எழுந்து மார்பில் அடித்துக்கொள்ளப் போகிறாள் என்று, பாய்ந்து பிடிக்கத் தயாராக நின்றேன்.

கை கீழே இறங்கியது. "கஞ்சி ஆறிடும், ஊத்துமா" என்றாள்.

முழு டம்ளரும் குடித்தாள். அம்மாவிடம் மடி வீக்கத்துக்கு என்ன பற்றுப் போட்டாய் என்று விசாரித்தாள். அம்மா மாலை வண்டிக்குக் கிளம்பினாள். அக்காவுக்குப் புரியவில்லை, அப்பாடா என்று நான் நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது, நம்பினேன். அடுத்த நாலு நாளும் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், படுத்துப் படுத்து அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். நைனாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் நல்லதுக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

இருபத்தொன்றாம் நாள் காலை டாக்டர் கட்டை அவிழ்த்தார். ஜன்னலைச் சாத்தி அரை இருட்டாக்கி, இடது கண்ணைத் திறக்கச் சொன்னார். தன் விரல்களைக் காட்டினார். அக்கா சரியாக எண்ணினாள். மேலே, கீழே, பக்கத்தில் என்று விரலை நகர்த்தினார். எல்லாம் தெரிந்தது. ஒரு மேல் மூலையில் மட்டும் கொஞ்சம் கருப்பு. டாக்டரின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். "ஒட்டிக்கிச்சு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "கறுத்துப் பூட்டடி" என்றாள். என் பக்கத்தில் வேறு யாரும் நிற்கவில்லை. அந்த இடத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"எங்க நைனா செத்துட்டாருங்க. நாலு நாளா அழுவாம கெடக்கறேன். இப்ப அழுவலாங்களா?"

நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இப்பத்தான் ஒட்டியிருக்கும்மா. இன்னும் மூணு மாசம் கூடாது" என்றார்.

"சரிங்க" என்றாள்.

நடுவில் ஊசித் துளை மட்டும் போட்ட கருப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். கண் அங்கும் இங்கும் அலையாமல் இருக்க. ஊரில் வண்டி நின்றதும் பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தாள். "கட்டிக்காதீங்க. அழுவக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க." அவர்கள் அப்படியே நின்றார்கள். அப்பனுக்கு அழாதவள், கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சீமாட்டி மாதிரி வந்து இறங்கினாள் என்று ஊர் பேசியது. அத்தை அதைச் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் கொண்டுபோனாள். அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. நான் நாலு பேரோடு சண்டை போட்டேன். சண்டையால் எந்த வாயும் அடைபடவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சித்தூருக்குப் போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கருப்புக் கண்ணாடி இனி வேண்டாம், குனியலாம், தூக்கலாம், உங்கள் இஷ்டம் என்றார். அழலாமா என்று அவள் கேட்கவில்லை. அவரே, "அழறதுன்னா அழலாம்மா" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தோம். அவள் அழுவாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"வர்லடி" என்றாள். "பாகாலாவுல என் தலையப் புடிச்சிக்கினு இருந்தாரே, அதக்கூட நெனச்சுப் பாத்தேன். வர்ல."

நான் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நீயாச்சும் அழுதியா?"

முதல் நாள் அவளுக்குக் கேட்டுவிடும் என்று அழவில்லை. பிறகு பொய் சொல்வதற்கே நேரம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தபின், அழக்கூடாதவளை எதிரில் வைத்துக்கொண்டு எப்படி அழுவது?

"இல்லக்கா."

அக்கா என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அப்ப நைனாவுக்கு நாம ரெண்டு பேருமே அழல" என்றாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். என் கையைப் பிடிக்காமல், தானே வழி பார்த்து, எனக்கு முன்னால் நடந்தாள்.